ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பிளஸ் 2 முடிக்கிறார்கள்? (கடலூர் - புதுச்சேரி)

#1 கெடிலக்கரை
மே மாதம் ரிசல்ட் வந்ததும் பள்ளி வாசலில் 96%, 98% என்று பிளெக்ஸ் கட்டிவிடுகிறோம். அது தேர்வறையில் உட்கார்ந்தவர்களை மட்டும் எண்ணிய கணக்கு. ஒன்பதாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்து, பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியலுக்கு வருவதற்குள் காணாமல் போன பையன் அந்த 98-லும் இல்லை, மீதி 2-லும் இல்லை.

அமெரிக்காவில் இந்தக் கண்கட்டு வித்தையை நிறுத்தவே கணக்கிடும் முறையை மாற்றினார்கள். ஒன்பதாம் வகுப்பில் முதல் முறையாகச் சேர்ந்தவர்கள் எல்லோரும் ஒரு குழு. நான்கு ஆண்டு கழித்து அந்தக் குழுவில் எத்தனை பேர் பள்ளி முடித்தார்கள் என்பதே விகிதம். நாடு முழுவதும் இந்த முறையில் முதலில் வந்த எண், 2010-11இல், 79%. 2021-22இல் 87%. வேறு பள்ளிக்குப் போனான் என்று ஒரு பெயரை நீக்க வேண்டுமென்றால் அங்கே சேர்ந்ததற்கான ஆவணம் காட்ட வேண்டும். "சொந்த ஊருக்குப் போயிட்டாங்க சார்" என்ற வாய்வார்த்தை செல்லாது.

நம் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் இதே கணக்கை ஒரு நோட்டில் போட முடியும். உதாரணத்துக்கு: ஜூனில் ஒன்பதாம் வகுப்பில் 60 பேர். ஆவணத்தோடு வேறு பள்ளிக்குப் போனவர்கள் 5. புதிதாக வந்தவர்கள் 2. ஆக அடித்தளம் 57. நான்கு ஆண்டு கழித்துப் பிளஸ் 2 தேர்ச்சி, அல்லது ஐடிஐ, பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டில் இருப்பவர்கள் 41 என்றால் விகிதம் 72%. அதே பள்ளி அதே காலத்தில் 94% என்று பிளெக்ஸ் கட்டியிருக்கலாம். இரண்டுமே பொய்யில்லை. ஆனால் எங்கே ஓட்டை என்று காட்டுவது 72 மட்டும்தான்.

ஜூனுக்குள் எங்கள் பக்கப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் எழுத வேண்டும். எந்த இடத்தில் ஆள் நழுவுகிறார்கள், அங்கே என்ன செய்யலாம்? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம்.

#2 முந்திரிக்காடு
முதல் ஓட்டை ஒன்பதாம் வகுப்பே. எட்டு வரைக்கும் தமிழ்நாட்டில் யாரையும் நிறுத்துவதில்லை. அதுவரை மறைந்திருந்த வாசிப்புக் குறையும் வகுத்தல் தெரியாததும் ஒன்பதில் ஒரே நேரத்தில் வெளியே வரும்.

சிகாகோ பல்கலைக்கழக ஆய்வுக் குழு 2005இல் சொன்ன அளவுகோல் எளிமையானது. ஒன்பதாம் வகுப்பு முடிவில் அடுத்த வகுப்புக்குப் போக வேண்டிய அளவு பாடங்களை முடித்திருக்க வேண்டும். முக்கியப் பாடங்களில் ஒரு பருவத் தோல்விக்கு மேல் இருக்கக் கூடாது. இதைத் தாண்டியவர்கள் பள்ளி முடிக்கும் வாய்ப்பு, தாண்டாதவர்களைப்போல மூன்றரை மடங்கு. எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணை விட இது நன்றாகச் சொல்லியது.

நம்மூருக்கு மாற்றினால்: ஜூன் இரண்டாம் வாரம் ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடம். ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பத்தி உரக்கப் படிக்கணும். மூன்று இலக்க எண்ணை ஓரிலக்கத்தால் வகுக்கணும். வேறு வேறு பகுதி உள்ள இரண்டு பின்னங்களைக் கூட்டணும். குறை எண்ணில் ஒரு கழித்தல். ஆங்கிலத்தில் ஐந்து வரி. ஐந்தில் இரண்டு தவறினால் பெயரைச் சிவப்பில் எழுதுங்கள். அந்தப் பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்புப் பாடத்தை இன்னொரு தடவை நடத்திப் பயனில்லை. தினம் 40 நிமிடம் வகுத்தலும் பின்னமும் மட்டும், காலாண்டு வரைக்கும்.

#3 சிங்காரத்தோப்பு
வருகையை விட்டுட்டீங்களே. 210 வேலை நாள்னு வச்சா 10 சதவீதம் 21 நாள். அதைத் தாண்டினவன் ஆபத்துல இருக்கான்னு அர்த்தம். ஆனா அது மார்ச்சுல தெரிஞ்சா என்ன புண்ணியம்? ஜூன், ஜூலை ரெண்டு மாசத்துலயே நாலு நாள் வராதவனைப் பிடிக்கணும்.

மூணாம் நாள் போன். அஞ்சாம் நாள் வீடு. வாத்தியார் தனியாப் போகக் கூடாது, அதே தெருவுல இருக்கற பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் கூடப் போகணும், இல்லாட்டி "படிக்கலைன்னு சொல்ல வந்துட்டாங்க"ன்னு கதவைச் சாத்துவாங்க. காரணத்தை ஒரே சொல்லுல எழுதுங்க: வேலை, உடம்பு, பஸ், பயம், கல்யாணம். "சொந்தக் காரணம்"னு எழுதினா அந்த நோட்டு குப்பைக்குத்தான்.

துறைமுகத்துல ஐஸ் ஏத்தற வேலை, மண்டபத்துல பந்தி பரிமாறற வேலை, ரெண்டும் ராத்திரி வேலை. பையன் காலைல வராததுக்கு அதான் காரணம்னா திட்டிப் பயனில்லை. அன்னிக்குக் கூலி கையில வருது, படிப்புக் காசு எப்ப வரும்னு யாரும் அவனுக்குச் சொல்லலை.

#4 பாகூர் ஏரி
சிங்காரத்தோப்பு அண்ணன் சொன்ன "பயம்" பெரிய காரணம். வீட்டுப்பாடம் எழுதாதவனை வெளியே நிறுத்துவது, பரீட்சைத் தாளை வகுப்பில் மதிப்பெண் சொல்லிக் கொடுப்பது, இரண்டும் அடுத்த நாள் வராமைக்கு நேரடிக் காரணம்.

இன்னொன்று: ஒன்பதில் பலவீனமானவனைப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதம் கெடுமே என்று டிசி கொடுத்து அனுப்பும் பழக்கம் சில இடங்களில் உண்டு. கெடிலக்கரை போட்ட குழுக் கணக்கில் அது உடனே மாட்டும். அதனாலேயே அந்தக் கணக்கைப் பலருக்குப் பிடிக்காது.

#5 கெடிலக்கரை
டிசி விஷயத்தில் ஒரு வேலை உடனே செய்யலாம். தமிழ்நாட்டில் டிசி கொடுத்ததும் எமிஸில் (மாணவர் விவரங்களுக்கான அரசு இணையதளம்) பெயர் பொதுத் தொகுப்புக்குப் போய்விடும். சேரும் பள்ளி அங்கிருந்து எடுத்தால்தான் சேர்க்கை முழுமை. மாதம் ஒருமுறை தலைமை ஆசிரியர் தன் பள்ளி டிசி பதிவேட்டை வைத்து, யார் இன்னும் தொகுப்பிலேயே கிடக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். தொகுப்பில் 30 நாளுக்கு மேல் இருக்கும் பெயர் யாருடைய பிள்ளையும் இல்லை என்று ஆகிவிட்டது. அதைத் தேடும் பொறுப்பைக் கடைசியாகப் படித்த பள்ளியே எடுக்கட்டும் என்பது என் யோசனை.

#6 முந்திரிக்காடு
பத்தாம் வகுப்புக்கு வருகிறேன். விழுகிறவர்களில் பலர் ஒரே பாடத்தில் விழுகிறார்கள், பெரும்பாலும் கணக்கு. மாநிலப் பாடத்திட்டத்தில் 100க்கு 35. தாள் இப்படி: ஒரு மதிப்பெண் 14, இரண்டு மதிப்பெண் 10, ஐந்து மதிப்பெண் 10, எட்டு மதிப்பெண் 2. அந்த எட்டு மதிப்பெண் இரண்டும் வடிவியலும் வரைபடமும். சேர்த்து 16.

பின்தங்கிய பிள்ளைக்கு நவம்பரிலிருந்து வழி:

வடிவியலில் மூன்று குடும்பம்தான்: வடிவொத்த முக்கோணம், முக்கோணம் அமைத்தல் (அடிப்பக்கம், உச்சிக் கோணம், அதோடு நடுக்கோடோ உயரமோ கோண இருசமவெட்டியோ), தொடுகோடு. ஒவ்வொன்றிலும் நான்கு கணக்கு, ஒவ்வொன்றையும் மூன்று முறை வரைய வேண்டும். பார்த்து வரைவது கணக்கில் சேராது, மூன்றாவது தடவை புத்தகத்தை மூடி வைத்து. உதவிப்படம் போடாமல் நேராக வரையத் தொடங்குவதுதான் வழக்கமான தவறு. வரைந்துவிட்டு அமைப்பு முறை எழுதாமல் விடுவது அடுத்தது.

வரைபடத்தில் அட்டவணை, அளவுத்திட்டம், அச்சுகளின் பெயர், புள்ளிகள், கோடு, விடை என்று படிப்படியாக மதிப்பெண். அளவுத்திட்டம் எழுதாமல் மதிப்பெண் விடுகிறவர்களை எண்ணி மாளாது. நேர்மாறல், எதிர்மாறல் கணக்குகளை முதலில் பழக்குங்கள். இருபடி வளைவரை பிறகு.

16இல் 12 வந்தால், ஒரு மதிப்பெண்ணில் 8, உறவுகளும் சார்புகளும், அணிகள், புள்ளியியல், நிகழ்தகவு என்று எளிய பாடங்களிலிருந்து இரண்டு மதிப்பெண் ஐந்து, ஐந்து மதிப்பெண்ணில் ஒன்றிரண்டு. 35 தாண்டிவிடும். இதைப் படிப்பு என்று சொல்ல மாட்டேன். கதவு மூடாமல் காலை வைப்பது.

அறிவியலில் வேறு பொறி. எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. எழுத்தில் 20, செய்முறையில் 15, மொத்தம் 35, மூன்றும் வேண்டும். செய்முறைக்கு வராதவன் எழுத்தில் 60 எடுத்தாலும் தேர்ச்சி இல்லை. பிப்ரவரி, மார்ச்சில் ஆலைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போகிற பிள்ளைகள் இங்கேதான் சிக்குகிறார்கள். செய்முறைத் தேதி வந்ததும் பெற்றோருக்குக் கையெழுத்து வாங்கிச் சொல்லுங்கள்.

#7 பாகூர் ஏரி
புதுச்சேரி, காரைக்கால் அரசுப் பள்ளிகள் இப்போது சிபிஎஸ்இ. அதனால் மேலே சொன்ன கணக்கை எல்லைக்கு இந்தப் பக்கம் அப்படியே எடுக்காதீர்கள். இங்கே 33. பத்தாம் வகுப்பில் எழுத்து 80, உள்மதிப்பீடு 20, இரண்டும் சேர்த்து 33 போதும். பன்னிரண்டில் அப்படி இல்லை, எழுத்திலும் செய்முறையிலும் தனித்தனியே 33% வேண்டும்.

மூன்று விஷயம் பெற்றோருக்குத் தெரிவதில்லை.

கணக்கில் அடிப்படை (பேசிக்), நிலையான (ஸ்டாண்டர்டு) என்று இரண்டு வகை. அடிப்படை எளிது. ஆனால் பதினொன்றில் கணக்கு எடுக்கும் எண்ணம் இருந்தால் நிலையானதுதான் பாதுகாப்பு. பையனின் விருப்பத்தைக் கேட்காமல் தேர்ச்சிக்காக எல்லோரையும் அடிப்படைக்குத் தள்ளினால், பொறியியல் கதவைப் பதினைந்து வயதிலேயே சாத்துகிறோம்.

ஆறாவதாக ஒரு திறன் பாடம் எடுத்துத் தேர்ச்சி பெற்றிருந்தால், கணக்கு, அறிவியல், சமூக அறிவியலில் ஒன்றில் தவறினாலும் அந்த இடத்தில் திறன் பாடம் வைக்கப்படும். பலவீனமான பிள்ளைக்கு இது உயிர்காப்பு.

2026 முதல் பத்தாம் வகுப்புக்கு இரண்டு தேர்வு. பிப்ரவரியில் நடப்பது கட்டாயம். மே மாதத்தில் அதிகபட்சம் மூன்று பாடங்களில் மதிப்பெண்ணைக் கூட்டிக்கொள்ளலாம். "மேயில் எழுதிக்கலாம்" என்று பிப்ரவரியில் மூன்று பாடமோ அதற்கு மேலோ எழுதாமல் விட்டால் மே தேர்வுக்கும் அனுமதி கிடையாது. இந்த ஒரு வரியைப் பெரிய எழுத்தில் அறிவிப்புப் பலகையில் எழுதுங்கள்.

#8 உப்பனாறு
டீச்சர், தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் ஆங்கிலத்தில் அறிவியல், சமூக அறிவியல் எழுதுவதற்கு என்ன செய்கிறீர்கள்? கேள்வியே புரியவில்லை என்றுதானே விழுகிறார்கள்?

#9 பாகூர் ஏரி
ஆமாம் சார், கேள்விச் சொற்கள்தான் முதல் தடை. விளக்கு, வேறுபடுத்து, காரணம் கூறு, நியாயப்படுத்து, கணி என்பவற்றுக்கு ஈடான ஆங்கிலச் சொற்கள் ஒரு இருபது. பாடத்துக்கு முப்பது கலைச்சொல். வகுப்பில் தமிழில் விளக்கி, விடையை ஆங்கிலத்தில் மூன்று வரிக்கு மேல் போகாமல் எழுத வைக்கணும். முழுப் பத்தியை மனப்பாடம் செய்யச் சொன்னால் திறன் சார்ந்த கேள்வியில் ஒன்றும் எழுத வராது, சிபிஎஸ்இ தாளில் பாதிக்கு அப்படித்தான் கேட்கிறார்கள்.

#10 சிங்காரத்தோப்பு
ரிசல்ட் வந்ததுக்கு அப்புறம் பத்து நாள், அதான் மிகப் பெரிய ஓட்டை. ஃபெயிலானவன் வெட்கப்பட்டுப் பள்ளிக்கூடம் பக்கமே வரமாட்டான். துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்கற நாள் ஓடிடும். துணைத்தேர்வு எழுதி ஜெயிச்சா அதே வருஷம் பிளஸ் 1, ஐடிஐ எதுலயும் சேரலாம்னு யாரு சொல்றது? ரிசல்ட் அன்னிக்கு மாலைக்குள்ள தவறினவங்க பட்டியலை எடுத்து, மறுநாள் வீட்டுக்குப் போங்க. மூணு வாரம் அந்த ஒரு பாடம் மட்டும் காலைல ரெண்டு மணி நேரம்.

இன்னொன்னு. எங்க பக்கம் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14. ரிசல்ட், சேர்க்கை, கட்டணம், ஹாஸ்டல் முன்பணம் எல்லாம் வீட்ல காசே இல்லாத அந்த ரெண்டு மாசத்துக்குள்ள. குழு பணம் திரட்டறதுன்னா பிப்ரவரியிலேயே திரட்டி வச்சுக்கணும்.

மே மாசத்துல படிக்கற பொண்ணுக்குக் கல்யாணப் பேச்சு நடந்தா குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் பண்ணுங்க.

#11 வில்லியனூர்க்காரன்
பத்துக்குப் பிறகு எல்லோரையும் பிளஸ் 1க்குத் தள்ளுவதும் தப்பு. வருடக் கணக்கைப் பாருங்கள்: பிளஸ் 1, பிளஸ் 2, பிறகு பி.இ. நான்கு, மொத்தம் ஆறு. பத்து முடித்து டிப்ளமோ மூன்று, பிறகு பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடிச் சேர்க்கை, மூன்று, அதுவும் ஆறுதான். ஐடிஐ இரண்டு, டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் சேர்ந்து இரண்டு, பி.இ. மூன்று என்றால் ஏழு. ஒரே ஒரு வருடம் கூட, ஆனால் நடுவில் எங்கே நின்றாலும் கையில் தொழில் இருக்கும்.

ஐடிஐயில் வெல்டர் ஒரு வருடம், எட்டாம் வகுப்பு போதும். வயர்மேன் இரண்டு வருடம், அதற்கும் எட்டு. ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் இரண்டு வருடம், பத்து வேண்டும். தமிழ்நாட்டு அரசு ஐடிஐயில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, விண்ணப்பக் கட்டணம் 50. பத்து முடித்து இரண்டு வருட ஐடிஐ தேறியவர் பிளஸ் 2 தமிழும் ஆங்கிலமும் மட்டும் எழுதினால் பிளஸ் 2க்கு இணையான சான்று வாங்கலாம். இதைச் சேரும்போதே சொல்லிவிட வேண்டும். பின்னாளில் அரசு வேலைக்கோ பட்டப் படிப்புக்கோ போக நினைக்கும்போது அது கையில் இருக்கும்.

கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுக் கல்வி நிறுவனம் இருக்கிறது, மாவட்டத்துப் பிள்ளைகளே விசாரிப்பதில்லை. புதுச்சேரி என்றால் லாஸ்பேட்டை மோதிலால் நேரு அரசு பாலிடெக்னிக்.

#12 உப்பனாறு
எல்லைப் பிரச்சினையையும் யாராவது எழுதுங்களேன். ரெட்டிச்சாவடிப் பிள்ளை புதுச்சேரிப் பள்ளிக்கும், கிருமாம்பாக்கம் பிள்ளை கடலூருக்கும் போய்ப் படிப்பது சாதாரணம். நடுவில் பள்ளி மாற்றினால் எதை இழப்பார்கள்?

#13 கெடிலக்கரை
நிறைய இழப்பார்கள். சேர்க்கும் நாளில் இது தெரியாது, பிளஸ் 2 முடித்த பிறகுதான் தெரியும்.

தமிழ்நாட்டில் மருத்துவம், பொறியியல் போன்றவற்றில் 7.5% உள்ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவிபெறும் பள்ளி இதில் வராது. கல்லூரிப் படிப்புக்கு உதவும் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1000 ரூபாய்க்கும் ஆறு முதல் பன்னிரண்டு என்ற நிபந்தனைதான், ஆனால் அங்கே உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் உண்டு. ஒரே ஒரு வருடம் எல்லை தாண்டிப் படித்தாலும் சங்கிலி அறுந்துவிடும்.

புதுச்சேரிப் பக்கம் சென்டாக் (புதுச்சேரி அரசின் கல்லூரிச் சேர்க்கைக் குழு) சேர்க்கைக்கு இருப்பிடச் சான்று, ஐந்தாண்டு வசிப்பு. மருத்துவத்தில் 10% ஒதுக்கீட்டுக்கு அங்குள்ள அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும்.

தமிழ் வழிக்கான 20% முன்னுரிமையும் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு வேலைக்கு, ஒன்றாம் வகுப்பு முதல் அந்த வேலைக்கான தகுதிப் படிப்பு வரை முழுக்கத் தமிழ் வழி. நடுவில் இரண்டு வருடம் ஆங்கில வழிக்கு மாறினால் போயிற்று. தமிழ் வழிச் சான்றை டிசி வாங்கும்போதே ஒவ்வொரு பள்ளியிலும் வாங்கிவிடுங்கள். பத்து வருடம் கழித்துப் போனால் பதிவேட்டைக் கரையான் தின்றிருக்கும்.

#14 முந்திரிக்காடு
பிளஸ் 2 பற்றிச் சுருக்கமாக. செய்முறை உள்ள பாடம் என்றால் எழுத்து 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. எழுத்தில் குறைந்தது 15, மொத்தம் 35. செய்முறை இல்லாத பாடத்தில் எழுத்து 90, அதில் 25 வேண்டும். பிளஸ் 1 பொதுத்தேர்வு 2025-26 முதல் இல்லை. பயம் போனது நல்லது. ஆனால் பிளஸ் 1 பாடத்தைத் தவிர்த்து நேராகப் பிளஸ் 2 நடத்தும் பழைய வியாதி திரும்பும். முதலாண்டுப் பொறியியல் கணக்கில் விழுகிறவர்கள் பலருக்கும் பிளஸ் 1 வகையீடும் முக்கோணவியலும்தான் குறை. குழுக் கூட்டத்தில் "பிளஸ் 1 பாடம் எத்தனை நடந்தது" என்று காலாண்டு, அரையாண்டு இரண்டிலும் கேளுங்கள்.

#15 வில்லியனூர்க்காரன்
கல்லூரிக் கதவு திறக்கும் தேதிகள். புதுவைப் பல்கலைக்கழகம் போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்புக்குச் சியுஇடி என்ற பொது நுழைவுத்தேர்வு. அதற்கான விண்ணப்பம் பொதுத்தேர்வு முடியும் முன்பே மூடிவிடும். அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் காலாப்பட்டுக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு மே மாதம் போய் விண்ணப்பம் கேட்கிறார்கள். ஜனவரி முதலே அறிவிப்பைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் கட்ஆஃப் 200: கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. விருப்பப் பட்டியலில் ஐந்தாறு கல்லூரி மட்டும் நிரப்பிவிட்டு எதுவும் கிடைக்காமல் நிற்பதுதான் வழக்கமான விபத்து. 50க்குக் குறையாமல் நிரப்புங்கள், உண்மையிலேயே விரும்பும் வரிசையில். சென்ற ஆண்டு கட்ஆஃபைப் பார்த்து வரிசையை மாற்றாதீர்கள். கிடைக்காததை மேலே வைத்தால் ஒன்றும் குறையாது.

கலை அறிவியலுக்குக் கடலூர் பெரியார் கல்லூரி, விருத்தாசலம் கொளஞ்சியப்பர், சிதம்பரம் சி.முட்லூர் எல்லாம் ஒரே இணையதளத்தில். தனியாரில் அவசரப்பட்டு முன்பணம் கட்டிவிட்டு, அரசுக் கல்லூரி கிடைத்த பிறகு சான்றிதழைத் திரும்ப வாங்க அலைவது வருடா வருடம் நடக்கிறது. அசலைக் கொடுக்கும் முன் எழுத்தில் ரசீது வாங்குங்கள்.

#16 சிங்காரத்தோப்பு
சான்றிதழ்தான் கடைசி ஓட்டை. எந்த மாசம் எது:

பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல் தயாராகும்போது பெயர், இன்ஷியல், பிறந்த தேதியை ஆதார், பிறப்புச் சான்றோட ஒப்பிடணும். மார்க் ஷீட் அச்சானதுக்கு அப்புறம் திருத்தறது பெரும்பாடு. சாதிச் சான்று ஒருமுறை எடுத்தா போதும். வருமானச் சான்று ஒரு வருஷம்தான் செல்லும், அதனால ஏப்ரல்ல எடுங்க, டிசம்பர்ல எடுத்து வீணாக்காதீங்க. முதல் பட்டதாரிச் சான்றுக்கு வீட்ல யாரும் பட்டம் வாங்கலைன்னு விஏஓ விசாரிப்பார், அண்ணன் அக்கா படிப்பு விவரம் சரியா சொல்லணும்.

வங்கிக் கணக்கு: உதவித்தொகை ஆதாரோட கடைசியா இணைச்ச கணக்குக்குத்தான் போகும். அம்மா கடனுக்காகத் திறந்த கணக்குல பொண்ணோட ஆதாரை இணைச்சிருந்தா பணம் அங்க போய் உக்காந்துடும். கல்லூரியில சேர்ந்ததும் பள்ளி எமிஸ் எண்ணைக் கேப்பாங்க, அதை மார்க் ஷீட் பின்னால ஒட்டி வைங்க.

மழைக்காலத்துல தென்பெண்ணை, கெடிலம் என்ன பண்ணும்னு சொல்ல வேண்டாம். எல்லாத்தையும் டிஜிலாக்கர்ல ஏத்தி வைங்க.

#17 உப்பனாறு
கடைசியாக ஒரு சந்தேகம். இரண்டு வருடம் முன்னால் ஒன்பதிலேயே நின்றுவிட்ட பையன்களைத் திரும்ப அதே வகுப்பில் உட்கார வைத்தால் வருவார்களா?

#18 பாகூர் ஏரி
மீசை முளைத்தவன் பதினான்கு வயதுப் பிள்ளைகளோடு உட்கார மாட்டான் சார். அவர்களுக்குத் தனித்தேர்வர் வழி, அல்லது தேசியத் திறந்தநிலைப் பள்ளி. தமிழ்நாட்டில் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதுவதில் ஒரு பொறி உண்டு: அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குத் தனியாகப் பெயர் பதிய வேண்டும், அந்தத் தேதி தேர்வு விண்ணப்பத் தேதிக்குப் பல மாதம் முன்னால் வரும். அதைத் தவறவிட்டால் அந்த வருடம் முழுத் தேர்ச்சி கிடையாது. கெடிலக்கரை சார், உங்கள் நோட்டில் இருக்கும், பள்ளியை விட்டு நின்ற பழைய பிள்ளைகளை ஜூன் முதல் வாரமே மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு அழைத்துப் போங்கள்.